வைத்த டைமிங் ஏன் நிற்பதில்லை: பழைய மொரிஸ் மைனர் பற்றி ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவரிடம் 1098 சிசி மொரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. கராஜில் மூன்று தடவை டைமிங், அதாவது சிலிண்டருக்குள் தீப்பொறி விழும் நேரம், வைத்தாகிவிட்டது. வைத்த அன்று நன்றாக இழுக்கிறது. இரண்டு கிழமையில் இழுவை போய்விடுகிறது, காலி வீதி நெரிசலில் சூடேறுகிறது, அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது. கடைசியாக வைத்த கையோடு கண்டிக்குப் போனபோது கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் உள்ளே சுத்தியலால் அடிப்பது போலத் தட்டியதாம். கராஜ்காரர் டைமிங் செயின் மாற்றச் சொல்கிறார், நண்பர் எலெக்ட்ரொனிக் இக்னிஷன் போடச் சொல்கிறார். எதைச் செய்வது என்பதுதான் கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சிலிண்டர்களுக்குப் பொறியைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைப்பது அளவைச் சரிசெய்கிற வேலை, அது எந்தப் பழுதையும் தீர்க்காது. இரண்டு கிழமையில் டைமிங் நகர்கிறதென்றால் எங்கேயோ ஒன்று தேய்கிறது, அல்லது ஒட்டிக்கொள்கிறது, அல்லது தளர்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் நான்காம் தடவை வைத்தாலும் இதே கதைதான்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளைப் பாருங்கள். இழுவை குறைவு, சூடு, சைலன்சரில் வெடிப்பு மூன்றுமே பொறி பிந்தி விழுவதன் அடையாளம். பெற்றோல் பிந்திப் பற்றினால் எக்சோஸ்ட் வால்வ் திறக்கும் நேரத்திலும் எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூடு பிஸ்டனைத் தள்ளாமல் சிலிண்டர் சுவருக்கும் எக்சோஸ்டுக்கும் போகிறது. கொழும்பில் கார் சூடேறினால் எல்லோரும் முதலில் ரேடியேட்டரைத்தான் கழற்றுவார்கள். பிந்திய டைமிங்கும் அதே சூட்டைத் தரும். ஏற்றத்தில் தட்டுவதோ இதற்கு நேர் எதிர், அது பொறி முந்தி விழுவதன் அடையாளம். ஒரே கார் ஒரு நாள் முந்தியும் பின்னொரு நாள் பிந்தியும் இருப்பதால் இங்கே இரண்டு பழுது இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் நகர்கிற திசையைப் பார்ப்போம், பாதித் துப்பு அதில்தான் இருக்கிறது. பொயின்ட் (திறக்கும்போது பொறியை உண்டாக்கும் சுவிட்ச்) உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில் தேய்மானம் பெரும்பாலும் பொறியைப் பிந்தச் செய்யும். பொயின்ட்டின் குதி, அதைத் திறக்கிற கேமில் (தண்டின் மேடுள்ள பகுதியில்) உரசித் தேய்ந்தால் இடைவெளி குறையும், பொயின்ட் பிந்தித் திறக்கும். டைமிங் செயின் நீண்டால் அது சுற்றுகிற கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பிந்தும், இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் கேம்ஷாஃப்டில் இருந்தே சுற்றுவதால் அதுவும் சேர்ந்து பிந்தும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்வாக இருந்தால், சுற்றுகிற தண்டு அதன் உடலையும் தன் பக்கம் இழுக்கும். மைனரில் ரோட்டர் (தண்டின் தலையில் சுற்றும் துண்டு) மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. உடலும் அதே பக்கம் நகர்ந்தால் அதுவும் பிந்துவதுதான்.

இந்த மூன்றில் இரண்டு கிழமைக் கணக்குக்கு மிகவும் பொருந்துவது பொயின்ட்டின் குதி. செயின் இரண்டு கிழமையில் நீளாது, அது வருடக்கணக்கில் நடக்கிற காரியம். பஞ்சிகாவத்தையில் இப்போது கிடைக்கிற மலிவுப் பொயின்ட்டுகளில் சிலவற்றின் குதி மென்மையான பிளாஸ்டிக். கேமில் துளி கிரீஸ் இல்லாமல் போட்டால் அது வேகமாகத் தேய்ந்துவிடும். எனவே முதல் வேலை மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) விட்டு இப்போது இடைவெளி எவ்வளவு என்று பார்ப்பது. இருக்க வேண்டியது 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீற்றர் அளவு. போட்டபோது சரியாக இருந்து இப்போது 0.010 என்றால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நல்ல பொயின்ட் வாங்கி, கேமின் முகத்தில் அரிசி அளவுக்கும் குறைவாகக் கிரீஸ் தடவி, இடைவெளி வைத்து, அதற்குப் பிறகு டைமிங் வையுங்கள். வரிசை முக்கியம். டைமிங் வைத்த பின் இடைவெளியைத் தொட்டால் டைமிங்கும் மாறிவிடும். புதுப் பொயின்ட் படிந்துகொள்ள ஐந்நூறு மைல் எடுக்கும், அப்போது ஒரு தடவை மறுபடி பாருங்கள்.

இடைவெளி சரியாகவே இருந்தால் ரோட்டரைக் கழற்றிவிட்டுத் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கைக்குத் தெரியும் அளவுக்கு ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ் போய்விட்டது. அப்படிப்பட்ட தண்டில் நான்கு சிலிண்டருக்கும் நான்கு இடைவெளி, நீங்கள் எதை அளந்து வைத்தாலும் அது ஒரு சிலிண்டருக்கு மட்டும்தான் சரி. பொயின்ட் எத்தனை டிகிரி மூடியிருக்கிறது என்று காட்டும் டுவெல் மீற்றர் கிடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இந்த லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 60 டிகிரி, மூன்று கூடக் குறைய இருக்கலாம். ஐடிலில் ஒன்றும் வேகம் ஏற்றினால் மூன்று டிகிரிக்கு மேல் வேறொன்றும் காட்டினால் தண்டு ஆடுகிறது.

சரி, இனி ஏற்றத்தில் தட்டுவதற்கு வருவோம்.

காதால் டைமிங் வைக்கிற கராஜ் பாஸ்மார் பலர் இருக்கிறார்கள். எஞ்சினை ஓடவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவார்கள், வேகம் கூடும் இடத்தைப் பிடிப்பார்கள், அங்கிருந்து கொஞ்சம் பின்னால் இழுத்து இறுக்குவார்கள். கைபழகியவர்கள் செய்தால் கார் ஓடும். ஆனால் ஐடிலில் எந்த எஞ்சினும் பொறி முந்த முந்த வேகமாகத்தான் ஓடும், ரோட்டில் தாங்காத அளவுக்கு முந்தியிருந்தாலும் ஐடிலில் இனிமையாகவே கேட்கும். எவ்வளவு பின்னால் இழுப்பது என்பது அந்தப் பாஸின் மனக்கணக்கு. அதோடு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விரிந்து பொறியை முந்தவைக்கும் எடைகளும் அவற்றைப் பிடித்திழுக்கும் ஸ்பிரிங்குகளும் வேகம் கூடும்போது எப்படி நடந்துகொள்கின்றன என்பது காதுக்கு எட்டாது. உங்கள் காரில் இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

கொழும்பு தட்டையான ஊர். ஐந்து டிகிரி முந்தியிருந்தாலும் பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் யாரும் உணரமாட்டார்கள். ஏற்றத்தில், மூன்றாம் கியரில், அக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, வேகம் ஏறாமல் எஞ்சின் திணறும்போதுதான் தட்டும். முழுவதும் மிதித்தால் எஞ்சின் உறிஞ்சும் வெக்கியூம் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும், ஆகவே அந்த நேரத்தில் அதைக்கொண்டு பொறியை முந்தவைக்கும் வெக்கியூம் அட்வான்ஸ் வேலை செய்யாது. அப்போதும் தட்டுகிறது என்றால் அடிப்படை டைமிங் முந்தியிருக்க வேண்டும், அல்லது உள்ளே ஸ்பிரிங் ஒன்று தளர்ந்தோ கழன்றோ எடைகள் குறைந்த வேகத்திலேயே விரிந்துவிட வேண்டும்.

பார்ப்பது எளிது. ரோட்டரைப் பிடித்து அது சுற்றும் பக்கமாகத் திருப்புங்கள், கொஞ்சம் போய் நிற்கும். விட்டால் தானாகச் சட்டென்று திரும்பி வர வேண்டும். சோம்பேறித்தனமாக வந்தால், அல்லது பாதியில் நின்றால், எடைகள் துருவும் பழைய கிரீஸும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒட்டிய எடைகள் சில நாள் விரிந்தபடி நிற்கும், சில நாள் மூடியபடி நிற்கும். ‘வைத்த டைமிங் நிற்கவில்லை’ என்ற முறைப்பாடுகளில் கணிசமானவை இதுதான். பொயின்ட் தட்டைக் கழற்றினால் கீழே எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் தெரியும். கழுவி, ஓரிரு சொட்டு எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றுபோல இல்லையே என்று பதறாதீர்கள், பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் அப்படித்தான் இருக்கும். ஒன்று மெலிது, மற்றது கனமும் கொஞ்சம் தளர்வும். இரண்டும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று கண்ட ஸ்பிரிங்கை மாட்டியவர்களால் கெட்ட கார்களும் உண்டு.

வெக்கியூம் டப்பாவையும் சோதியுங்கள். காபரேட்டர் பக்கக் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினால் பொயின்ட் தட்டு நகர வேண்டும், நாக்கால் குழாயை அடைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது. தட்டு நகரும்போது அதோடு ஆடுகிற சின்ன எர்த் வயரைக் கவனியுங்கள். வெளியே துணி உறை நன்றாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். தட்டு ஒரு பக்கம் போகும்போது தொடும், மறுபக்கம் போகும்போது விடும். டைமிங் பழுது என்று சத்தியம் செய்யலாம் போலத் திக்கித் திக்கி ஓடும், காரணம் மூன்று அங்குல வயர்.

இவ்வளவும் பார்த்த பின்தான் டைமிங் லைட், அதாவது பொறி விழும் நொடியில் மின்னும் விளக்கு. மைனரில் கிராங்கின் முன்னாலுள்ள கப்பியின் வெட்டும் டைமிங் கவரின் முனைகளும் அடிப்பக்கம் இருக்கின்றன, காருக்குக் கீழே தலையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். மிக நீண்ட முனை பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம், மற்றவை உச்சிக்கு முன் 5, 10 டிகிரி. துடைத்து, வெட்டில் வெள்ளை நெய்ல் பொலிஷ் ஒரு பொட்டு வையுங்கள். வெக்கியூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஐடிலில் பாருங்கள். பொட்டு ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு மூன்று டிகிரிக்குள் நடுங்கித் தாவினால் தண்டோ செயினோ தளர்ந்திருக்கிறது. மெல்ல வேகம் ஏற்றினால் பொட்டு வழுக்கிக்கொண்டு முந்திப் போக வேண்டும். கொஞ்சம் ஏற்றியதுமே ஒரேயடியாகப் பாய்ந்தால் ஸ்பிரிங், அசையவே இல்லையென்றால் எடைகள் ஒட்டியிருக்கின்றன. வேகத்தைக் குறைத்ததும் பழைய இடத்துக்கு வராமல் வேறிடத்தில் நின்றாலும் எடைகள்தான். ஒரு நிமிடத்தில் இந்த லைட் சொல்வதை வேறு எந்தச் சாமானும் சொல்லாது. கழுத்துப் பட்டியோ சேலைத் தலைப்போ ஃபேன் அருகில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், லைட்டின் வெளிச்சத்தில் சுற்றுகிற ஃபேன் நிற்பது போலத் தெரியும்.

லைட் பொய் சொல்லாது, ஆனால் கப்பி சொல்லலாம். இந்த ஊரில் எஞ்சின் மாறாத மைனர் அபூர்வம். சிலவற்றில் நிசான் எஞ்சின் உட்கார்ந்திருக்கும், சிலவற்றில் வேறு காரில் இருந்து வந்த, மைனரின் அதே ஏ சீரிஸ் வகை எஞ்சினும் வேறொன்றின் டைமிங் கவரும் சேர்ந்திருக்கும். அடையாளத்தை நம்பும் முன் உண்மையான உச்சியைக் கண்டுபிடியுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். பழைய பிளக் ஒன்றின் உள்ளே இருப்பதை உடைத்தெடுத்து, நீளமான போல்ட் ஒன்றை அதில் பொருத்தி முதலாம் சிலிண்டரில் திருகுங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பதுதான் ஒன்று. முன்னால் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் போல்ட்டில் முட்டி நிற்கும், கப்பியில் ஒரு கோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் மறுபடி முட்டும், அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுவில் உச்சி. அந்த இடம் கவரின் நீண்ட முனையோடு பொருந்தாவிட்டால் இதுவரை வைத்த டைமிங் எல்லாம் தவறான அளவுகோலால் அளந்தவை.

எஞ்சின் இலக்கத் தகட்டையும் ஒருமுறை படியுங்கள். இலக்கத்துக்கு முன் வரும் எழுத்துகளில் எச் இருந்தால் உயர் அழுத்த எஞ்சின், 8.5க்கு 1. எல் இருந்தால் தாழ் அழுத்தம், 7.5க்கு 1. இரண்டுக்கும் டைமிங் டிகிரி ஒன்றல்ல, கைநூலில் உங்கள் எழுத்துக்குரியதை எடுங்கள். எச் எஞ்சினுக்கு 92 ஒக்டேன் ஊற்றி ஏற்றத்தில் தட்டினால் டிஸ்ட்ரிபியூட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு டாங்க் 95 ஊற்றிப் பாருங்கள். தட்டுவது நின்றால் இனி 95 ஊற்றுவதா, இரண்டு டிகிரி பின்னால் இழுப்பதா என்பது உங்கள் பணப்பையின் முடிவு. நானென்றால் பின்னால் இழுப்பேன், கொழும்பில் ஓடும் காருக்கு அது போதும்.

செயின் பற்றிக் கராஜ்காரர் சொல்வது முற்றிலும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இந்த எஞ்சினில் ஒற்றைச் செயின், கேம் பல்சக்கரத்தில் ரப்பர் வளையங்கள்தான் அதை இறுக்கமாக வைத்திருக்கின்றன. அவை காய்ந்து கல்லானால் எஞ்சினின் முன்பக்கம் ஐடிலில் கரகரவென்று சங்கிலிச் சத்தம் வரும். கழற்றாமலே சோதிக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ஹேண்டிலால் எஞ்சினைச் சரியான பக்கம் கொஞ்சம் சுற்றி நிறுத்துங்கள். பிறகு எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். கிராங் அசையத் தொடங்கியதில் இருந்து ரோட்டர் அசையும் வரை கப்பி எத்தனை டிகிரி போகிறது என்று ஒருவர் கீழே பார்க்கட்டும், மற்றவர் ரோட்டரைப் பார்க்கட்டும். சில டிகிரி எப்போதும் இருக்கும், டிஸ்ட்ரிபியூட்டரின் பற்களுக்கிடையே உள்ள இடைவெளியும் அதில் அடங்கும். எட்டு, பத்து என்று போனால் செயின் மாற்றுவது நியாயம். வெக்கியூம் கேஜ் இருந்தால் அதையும் கேளுங்கள். நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலத்துக்குள் அசையாமல் நிற்கும். பொறி சரியாக வைத்த பிறகும் முள் அசையாமல் அதைவிட நன்றாகக் கீழே நின்றால், நான்கு சிலிண்டரிலும் கம்பிரஷன் ஒரே சீராகக் குறைவாகவும் இருந்தால், வால்வ் டைமிங் பிந்தியிருக்கிறது. மாற்றும்போது இரண்டு பல்சக்கரத்தின் புள்ளிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க வேண்டும். கவரைக் கழற்ற ரேடியேட்டர் வெளியே வர வேண்டும், ஒயில் சீலையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள்.

டைமிங் என்று நினைத்து ஏமாறும் சில பழுதுகளையும் சொல்லிவிடுகிறேன். பொயின்ட்டோடு சேர்ந்திருக்கும் கொன்டென்சர் சூடானதும் விட்டுக்கொடுத்தால் நெரிசலில் இழுவை போகும், ஆறினால் வரும். பொயின்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் அதைச் சந்தேகியுங்கள். மலிவு ரோட்டர் சிலவற்றில் உள்ளே ரிவெட் நீண்டு, பொறி தண்டு வழியாகக் கசியும். ஐப்பசி மழையில் மூடிக்குள் ஈரம் படிந்தால் காலையில் திக்கும், இரவில் பொனெட்டைத் திறந்து இருட்டில் பார்த்தால் நீலப் பொறி ஊர்வது தெரியும். காபரேட்டர் வழியாகத் திருப்பி வெடித்தால் பெற்றோல் போதாமையையும் பிளக் வயர் மாறியிருப்பதையும் பாருங்கள், வரிசை 1-3-4-2. டாப்பெட் (வால்வ்) இடைவெளியை மறக்க வேண்டாம், குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம். இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 இல் நின்றது. ஈயம் தந்த பாதுகாப்பு இல்லாமல், வால்வ் அமரும் இடத்தில் கடின சீட் போடாத பழைய ஹெட்டில் எக்சோஸ்ட் வால்வ் மெல்ல உள்ளே அமிழ்ந்து அந்த இடைவெளி மூடிக்கொண்டே வரும். அதுவும் இழுவையைத் தின்னும்.

இனி டைமிங் வைக்கும் விதம். லைட் இல்லாவிட்டாலும் 12 வோல்ட் பல்ப் ஒன்று போதும். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள வயர் முனைக்கும் காரின் பொடிக்கும் (இரும்பு உடலுக்கும்) இடையில் பல்பைக் கொடுத்து இக்னிஷனைப் போடுங்கள், பொயின்ட் திறக்கிற நொடியில் எரியும். எஞ்சினை ஓடும் திசையிலேயே சுற்றிக் கைநூல் சொன்ன டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். தாண்டிப் போனால் அப்படியே பின்னால் கொண்டுவராதீர்கள், நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள், இல்லாவிட்டால் செயினின் தளர்வு உங்கள் அளவில் கலந்துவிடும். கிளாம்பைத் தளர்த்தி உடலை முதலில் இடஞ்சுழியாகப் பல்ப் அணையும் வரை கொண்டுபோங்கள், பிறகு வலஞ்சுழியாக மெல்லத் திருப்புங்கள். பல்ப் எரியும் இடத்தில் இறுக்குங்கள், இறுக்கிய பின் ஒருமுறை சுற்றிச் சரிபாருங்கள். அதன்பின் நுணுக்கமான மாற்றத்துக்குக் கிளாம்பைத் தொட வேண்டாம். வெக்கியூம் டப்பாவின் பக்கம் வரிவரியான சின்னத் திருகு ஒன்று இருக்கும், அதில் 11 கிளிக் ஒரு டிகிரி. பலருடைய காரில் அது துருப்பிடித்து மறந்துபோய்க் கிடக்கிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு விடுவியுங்கள். ஹேண்டிலால் எஞ்சினை ஸ்டார்ட் செய்கிறவர் என்றால் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். டைமிங் முந்தியிருந்தால் ஹேண்டில் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு முறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நண்பர் சொன்ன எலெக்ட்ரொனிக் இக்னிஷன் நல்ல சாமான்தான். குதித் தேய்மானம் அதோடு ஒழியும், தண்டின் ஆட்டத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஒட்டிய எடைகளையோ நீண்ட செயினையோ அது தொடாது, ஆகவே மேலே சொன்னவற்றை முடித்த பிறகு போடுங்கள். வாங்கும் முன் பொனெட்டைத் திறந்து பற்றரியைப் பாருங்கள். மைனர் பிறவியில் பொசிட்டிவ் எர்த் கார், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனை பொடியில் இருக்கும். ஒல்டனேட்டர் போட்டவற்றை நெகட்டிவ்வுக்கு மாற்றியிருப்பார்கள். எந்த முனை பொடியில் இருக்கிறதோ அதற்குரிய மொடியூலைக் கேட்டு வாங்குங்கள், மாறிக் கொடுத்தால் சாவியைத் திருப்பிய கையோடு எரிந்துவிடும், கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மாட்டார்.